பூனை தேறவைத்த செருப்பு

செதிலக்காவின் முகத்தில் மூக்கு என்று ஒன்று இருந்தது. கண்ணாடி மாட்டுவதற்கும் சளி பிடிப்பதற்கும் தவிர அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மோப்பம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் மீன் கம்பெனியின் வெட்டுக்கூடத்தில் சேர்ந்தவள், தலை நரைக்கும்வரை அங்கேயே நின்று மீன் உரித்தாள். வேலை முடிந்து வரும்போது கையிலும் கழுத்திலும் காது மடலிலும் செதில் மின்னும். தெரு அதையே அவளுக்குப் பெயராக வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனியில் மரியாதை எல்லாம் சதைக்குத்தான். அது ஐஸ் பெட்டியில் சொகுசாகப் படுத்துக் கப்பலேறும். தலை, முள், தோல் எல்லாம் பின்பக்கக் குழிக்குப் போகும். யார் மேலேயோ இருந்த கோபத்தில் ஒருநாள் அவள் ஒரு தோலை எடுத்து இழுத்தாள். கிழியவில்லை. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தாள். அப்போதும் கிழியவில்லை.

"இவ்வளவு கெட்டியா இருக்கு, இதப் போய்க் குழியில கொட்றானுங்களே, கூறுகெட்டவனுங்க!" என்று சொல்லிவிட்டு, ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

முதலில் காயவைத்தது அட்டை மாதிரி விறைத்துக்கொண்டது. வெந்நீரில் போட்டது பசையாகக் கரைந்தது. வேன் ஓட்டும் அவள் கணவர் அந்தப் பசையை எடுத்து உடைந்த நாற்காலிக் காலை ஒட்டினார். அவர் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே மராமத்து அதுதான். அந்தக் கால் இன்றுவரை ஆடவில்லை. செதிலக்கா விடவில்லை. ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்பப் பிசைந்து, மரப்பட்டை காய்ச்சிய சாயத்தில் ஊறப்போட்டு, பலகையில் ஆணியடித்து, ஈரம் முழுக்கப் போவதற்குள் கையாலேயே கசக்கிக் கசக்கி மெதுவாக்கினால் தோல் பதமாகும் என்று கண்டுபிடித்தாள். செதில் இருந்த இடமெல்லாம் அழகான கட்டம் கட்டமாக நின்றது. அதில் பர்ஸ் தைத்தாள், பெல்ட் தைத்தாள்.

ஒரே ஒரு தொல்லை. தோலுக்குள் கொஞ்சம் மீன் கொழுப்பு தங்கினாலும் போதும், நாறும். அது போய்விட்டதா என்று மோந்து பார்க்க அவளுக்கு மூக்கு இல்லை. கணவரைக் கேட்டால், வீட்டில் நிம்மதி வேண்டுமே என்று எதை நீட்டினாலும் "நாறல" என்பார். பக்கத்து வீட்டுக்காரியோ கடையில் வாங்கிய புதுத் துண்டை நீட்டினாலும் மூக்கைப் பொத்துவாள்.

அதனால்தான் பூனை. பெரிய மீசை, நாளெல்லாம் சுற்றிச் சுற்றி வருவது, ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பது என்று கம்பெனி மேனேஜரை அப்படியே உரித்து வைத்திருந்ததால், அதற்கு மேனேஜர் என்றே பெயர். பதமான தோலைத் தரையில் போட்டு மேனேஜரைக் கூப்பிடுவாள். அது வந்து நக்கினால் தோல் மறுபடி சோப்புத் தொட்டிக்குப் போகும். வாலைத் தூக்கிக்கொண்டு அலட்சியமாகத் தாண்டிப் போனால் பாஸ்.

அவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருநாள் முகம் சுளித்து வேறு பெஞ்சுக்குப் போனாள். அன்றிலிருந்து மகள் தன் துணிகளைத் தனிப் பெட்டியில் பூட்டி வைத்தாள். அம்மா தைத்த எதையும் தொட்டதில்லை. செதிலக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் வலித்தது. அச்சகத்தில் வேலைக்குப் போன மகள் அங்கேயே ஒருவனைப் பார்த்து, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் என்று முடிவானபோதுதான் செதிலக்கா வாயைத் திறந்தாள்.

"கல்யாணத்துக்கு நான் ஒரு ஜோடி செருப்பு தைச்சுத் தரேன். போட்டுக்குவியாடி?"

மகள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாறலன்னா போட்டுக்கிறேன்மா."

செதிலக்கா இருக்கிற தோலில் நல்லதாகப் பொறுக்கித் தைத்தாள். மேனேஜர் நக்கியது. பிரித்து, கழுவி, மறுபடி தைத்தாள். மறுபடியும் நக்கியது. கல்யாண நாள் நெருங்க நெருங்க அவள் தொட்டியே கதி என்று கிடந்தாள். சோப்பில் ஊறி விரலெல்லாம் வெடித்தது. ஒரு சாயங்காலம் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். மறுநாள் காலை மேனேஜர் ஆடி அசைந்து வந்தது, செருப்பை ஒரு பார்வை பார்த்தது, கொட்டாவி விட்டது, தாண்டிப் போயிற்று. செதிலக்கா அதைத் தூக்கி முத்தம் கொடுத்தாள்.

மகள் செருப்பு வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள், சட்டென்று மூடினாள். "அழகா இருக்கும்மா. போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். மாப்பிள்ளை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"சளியா மாப்பிள்ளை? ஆவி பிடிங்க, சரியாயிடும்" என்றாள் செதிலக்கா அக்கறையாக. அவர் தலையை மட்டும் ஆட்டினார். பெஞ்சில் ஒரு ஜோடி எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தது. குமாஸ்தா ஜன்னலைத் திறந்தார். பிறகு இன்னொரு ஜன்னலையும் திறந்தார். காற்று நன்றாக வருகிறது என்று செதிலக்கா சந்தோஷப்பட்டாள்.

அப்போது கேன்டீன் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புப் பூனை வந்தது. அத்தனை கால்களையும் விட்டுவிட்டு நேராக மகளின் காலடியில் படுத்து, செருப்பை நக்க ஆரம்பித்தது.

செதிலக்கா திரும்பினாள். பக்கத்திலிருந்த கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மேனேஜருக்கு என்ன போட்டீங்க?"

"ஒரு மீன்தான்..." என்று இழுத்தார். "கொஞ்சம் பெரிய மீன். நீ அழுதத என்னால பாக்க முடியல."

வயிறு முட்டத் தின்ற பூனை கடல் மீன் அத்தனையையும் காட்டினாலும் கொட்டாவிதானே விடும். அவரைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று செதிலக்கா மகளிடம் ஓடினாள்.

"கழட்டுடி. நாறுதுடி. என் செருப்பப் போட்டுக்கோ."

"தெரியும்மா. பெட்டியத் திறந்தப்பவே தெரியும். உனக்குத்தான் மூக்கு போச்சு, எனக்கு இல்ல. அவர்கிட்டயும் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை, "பரவால்ல அத்தை" என்றார்.

"அப்புறம் ஏன்டி போட்டுக்கிட்ட?"

"பெட்டியக் குடுத்தப்ப உன் கையப் பாத்தேன்."

உள்ளே மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்து, குனிந்து பூனையைத் தூக்கி மடியில் வைத்தாள். "இதப் பிடிச்சுக்கோ. கையெழுத்துப் போட்டுட்டு வரேன்."

நாறும் செருப்பு டக்டக்கென்று சத்தம் போட, நிமிர்ந்து நடந்து போனாள். செதிலக்காவுக்குக் கண்ணீர் மறைத்தது. மடியிலிருந்த பூனை அவள் வெடித்த விரல்களை மோந்து பார்த்து, ஒவ்வொன்றாக நக்கத் தொடங்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.