வாயைத் திறக்காத கிரேன்காரர்

முப்பது மாடி உயரத்தில் கிரேன் ஓட்டுபவருக்குப் பல் டாக்டர் என்றால் தொடை நடுங்கும். ஈறுகளில் வருடக்கணக்காக ரத்தம் கசிந்தும் அந்தப் பக்கமே போகவில்லை. உணவுக்குழாயில் புற்றுநோய் என்றதும் ஆபரேஷனுக்குத் துணிந்துவிட்டார். ஆபரேஷன் செய்யும் டாக்டரோ முதலில் பல்லைச் சுத்தம் செய்யச் சொன்னார்.

“நோய் கீழ இருக்கு, வாயை எதுக்கு நோண்டணும்?”

“ஈறுல இருக்குற சில கிருமி எச்சிலோட கீழ இறங்கும். கட்டி வளர அதுவும் துணை போகுதோன்னு சந்தேகம் இருக்கு. இன்னும் உறுதியாகல. ஆனா வாய் சுத்தமா இருந்தா ஆபரேஷனுக்கும் நல்லது.”

“நெஞ்சைக் கிழிக்கச் சரின்னீங்க, வாயைத் திறக்க மாட்டேங்குறீங்களே!” என்று மனைவி கையோடு பல் டாக்டரிடம் இழுத்துப் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மூன்று வருடமாகிறது. இப்போதெல்லாம் அவர் பல் தேய்த்து முடிப்பதற்குள், வேலைக்குக் கிளம்பும் மகள்கள் குளியலறைக் கதவைத் தட்டி ஓய்ந்துபோகிறார்கள்.