மிசின் ஓடினால்தான் பாட்டு

என்னை முதன்முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், மிக்சர் சாப்பிட்டார்கள், என்னைப் பாடச் சொன்னார்கள். அதோடு சரி. நான் பல்லவியை எடுத்த இடமே எனக்குப் பழக்கமில்லாத உயரத்தில் இருந்தது. சரணத்துக்கு இன்னும் மேலே ஏற வேண்டும். ஏறினேன். அதற்குமேல் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தன் பக்கம் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஊருக்குப் போயிக் கடுதாசி போடுதோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அந்தக் கடுதாசி எப்போது வரும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. நிறம் கம்மி என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிறத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? பாட்டு நானே பாடியது. அடுத்து யார் வந்தாலும் ஒரே ஒரு பாட்டை ஒழுங்காகப் பாடிவிட வேண்டும், அதற்கப்புறம் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று எனக்குள் வைராக்கியம் வந்துவிட்டது.

பெண்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரை வீட்டுக்கு வரச் சொன்னார் ஐயா. எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து அச்சாபீசுக்கும் நடுவே ஒரே சுவர். டீச்சர் 'ஸ' என்று வாயைத் திறந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் டிரெடில் அச்சு மிசின் தடக் சடக், தடக் சடக் என்று ஆரம்பித்துவிட்டது.

"இதை நிறுத்தச் சொல்ல முடியாதா?" என்றார் டீச்சர்.

"சீசன்லே எப்படி நிப்பாட்டுவாக? லேபிள் ஆர்டர் குமிஞ்சு கெடக்கு" என்றார் ஐயா.

"சரி, ஒரு சுருதிப் பெட்டியாவது வாங்கிக் கொடுங்க."

ஐயா சுவரைக் காட்டினார். "அந்த மிசின் மோட்டாரு காலையிலே இருந்து ம்ம்ம்னு ஒரே சீராத்தான இரையுது. அதைவிடவா ஒரு பெட்டி இரையப் போவுது?"

ஐயா வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து டீச்சர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை.

வாயைத் திறந்து பாடு என்பது டீச்சரின் முதல் பாடம். திறந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பொம்பளப் பிள்ளை இம்புட்டா தெறக்கிறது? நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாக?" என்றாள். மூச்சை வயிற்றிலிருந்து எடு என்றார் டீச்சர். அதற்காக மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஏதாவது கனத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டில் எடுக்க எடுக்கக் குறையாத கனம் அச்சாபீசில் கழித்துப்போட்ட காலண்டர் அட்டைதான். அதில் ஒரு கட்டு எடுத்து வைத்துக்கொண்டேன். மேல் அட்டையில் இருந்த லட்சுமி என் மூச்சோடு ஏறி இறங்கினாள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்த அட்டையை உருவி எடுத்துப் பூசைமாடத்தில் சாத்திவிட்டு, அடியில் இருந்த இயற்கைக் காட்சியை எனக்கு விட்டுவைத்தாள்.

கொஞ்ச நாளில் டீச்சருக்கு மாற்றல் வந்தது. "ஒரு ஆதாரத்தைப் பிடிச்சுக்கோ, அதை விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சுருதியை. நான் பிடித்துக்கொண்டது மோட்டாரை.

பொய் சொல்லவில்லை, மோட்டார் எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்தது. அதன் இரைச்சலில் என் 'ஸ'வைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சற்று விலகினாலும் காதுக்குள் உறுத்தும். டிரெடிலின் ஒவ்வொரு தடக்குக்கும் தொடையில் ஒரு தட்டு, தாளமும் ஆச்சு. சாயங்காலம் கரண்ட் மங்கினால் மோட்டார் தொய்யும், நானும் கூடவே தொய்வேன். மிசின்மேன் டீ குடிக்கப் போனால் சரளி வரிசை பாதியில் நிற்கும். மிசின் நின்ற மறுநிமிடமே அம்மா என்னைப் பாத்திரம் விளக்கக் கூப்பிடுவாள். நான் சும்மா இருப்பது அவளுக்கு அப்படித்தான் தெரியும்.

அடுத்த மாப்பிள்ளை மல்லாங்கிணற்றிலிருந்து வந்தார். பருத்தியும் மிளகாயும் போடும் சம்சாரிக் குடும்பம். நான் பயப்படவில்லை. காலண்டர் சீசன், மிசின் ராத்திரி பகலாக ஓடுகிறது, என் பாட்டும் நன்றாகப் படிந்திருந்தது. ஜமுக்காளத்தில் வந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "ஒரு பாட்டுப் பாடுத்தா" என்றார்.

அந்த நேரம் பார்த்து மிசின் நின்றது.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளையின் மாமா மிக்சர் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. நான் வாயைத் திறந்தேன், மூடினேன். என் 'ஸ' எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"பிள்ளை கூச்சப்படுது" என்றார் மாமா.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கொல்லைப்பக்கம் ஓடினாள். அவள் போட்ட சத்தம் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"அண்ணாச்சி! மிசினை ஓட விடுங்க!"

"இருக்கட்டும்மா, விருந்தாளுக வந்திருக்காகள்ல" என்றார் அச்சாபீஸ் அண்ணாச்சி. மரியாதைக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார், நல்ல மனுஷன்.

"அதுக்குத்தான் ஓட விடச் சொல்லுதேன்!"

மிசின் ஓடியது. பாடினேன். பல்லவி அதன் இடத்தில் நின்றது, சரணத்துக்கு ஏறினேன், மூச்சு வயிற்றிலிருந்து வந்தது. உச்சியில் நிற்கும்போது அந்தப் பக்கம் தாள் சிக்கி மிசின் நின்றுபோனது. நானும் நின்றேன், திறந்த வாய் திறந்தபடி. மிசின்மேன் தாளை உருவிவிட்டு மறுபடி ஓட்டினார். விட்ட எழுத்திலிருந்து நானும் தொடங்கினேன்.

மாமாவுக்குப் புரையேறியது. ஐயா, "சீசன் டயம் பாருங்க" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். அடுத்து 'கடுதாசி' என்ற சொல் வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "எங்க கெணத்துல ஒரு ஆயில் எஞ்சின் இருக்கு. டுப்பு டுப்புன்னுதான் ஓடும். அதுக்குப் பாட வருமா?"

அவர் கேலி செய்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

"பழகிக்கிடுவேன்" என்றேன்.

பழகிக்கொண்டேன். எஞ்சின் மோட்டாரைவிடக் கீழ்க்குரல்காரன். அதற்காக இறங்கி இறங்கி, எனக்கு இருப்பதே தெரியாத அடித்தொண்டை ஒன்று திறந்துகொண்டது. கல்யாணமாகி நாங்கள் தனிக்குடித்தனம் வைத்த வீடும் கிணற்றை ஒட்டியே இருந்தது, மாமியார் ஊருக்குள் இருந்தார். சுற்றிலும் நாலைந்து தோட்டங்களில் எஞ்சின் ஓடும், எல்லாம் ஒரே டுப்பு டுப்பு. ஆனால் பாட்டுக் கேட்டால் எங்கள் கிணற்றில் தண்ணீர் பாய்கிறது என்று அர்த்தம். ஊர்ப் பெண்கள் துணிமூட்டையோடு வந்துவிடுவார்கள்.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. கிணறு வற்றியது, எஞ்சினுக்குச் சாக்கைப் போர்த்தினார் அவர். எஞ்சின் இல்லை, பாட்டும் இல்லை. பிறந்த வீட்டை விட்டு வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு ஏக்கம் வந்ததில்லை.

ஒரு நாள் காலையில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். பாதிக் குவியல் முடிந்தபிறகுதான் என் காதில் விழுந்தது, நான் பாடிக்கொண்டிருக்கிறேன். சட்டென்று எஞ்சினைத் திரும்பிப் பார்த்தேன். சாக்கு அப்படியே கிடந்தது. பயந்துபோனேன். ஆனால் குரல் நகரவில்லை, வைத்த இடத்தில் நின்றது. துணிந்து சரணத்துக்கு ஏறினேன், இறங்கினேன். அந்தச் சந்தோஷத்தில், மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன், உயிர் போகிற எரிச்சல்.

எரிச்சலோடு கண்ணைத் திறந்தால் வரப்பில் வரிசையாக ஆட்கள். துணிமூட்டை, சோப்பு, எண்ணெய் தேய்த்த பிள்ளைகள். முன்னால் என் மாமியார். கிணற்றை எட்டிப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தண்ணி இல்லாம என்னத்துக்குத்தா பாடுத? எம்புட்டுத் தூரம் ஓடியாந்திருக்கோம்!"

எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அத்தை மூட்டையைக் கீழே போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"வந்தது வந்துட்டோம்" என்றார் அத்தை. "மிச்சத்தையும் பாடு."