நேராக்காத படம்

கென்ட் நகரில் ஓடில் டெக்ராமரை விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாருக்கும் ஒன்று தெரியும். மனிதர் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நேராக்கப் போய்விடுவார். மேஜையில் சூப் ஆறிக்கொண்டிருக்கும். இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படச் சட்டத்தின் ஓரம் ஜன்னல் ஓரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். "கண்டுக்காதீங்க, நீங்க சாப்பிடுங்க" என்பாள் அவர் மனைவி அலீடா.

பிழைப்பும் அதுதான். பழைய கிறிஸ்தவக் கோயில்கள், நகர மன்றங்கள், கோட்டைகள் இவற்றின் உட்புறத்தைப் படம் எடுப்பார். புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் அவர் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பெரிய கோயிலுக்குள் நின்று கூரைவரைக்கும் படத்துக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டியிருக்கும். அப்படிப் பிடித்தால் தூண்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். பல நூறு வருஷம் ஆடாமல் அசையாமல் நின்ற தூண், படத்தில் குடிகாரனாகிவிடும். ஓடிலுக்கு அது பொறுக்காது. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, படத்தின் மேல்பகுதியை இழுத்து விரித்து, தூண்கள் நிமிர்ந்த பிறகுதான் சாப்பிட வருவார்.

மேலே இழுத்தால் மேலே இருப்பதெல்லாம் நீளும். கல் நீண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே ஒரு முகமும் இருந்தது. கோயில் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவனுக்குப் புரிய வேண்டுமே, அதற்காக ஆர்கன் வாத்தியம் இருக்கும் மாடத்தில் கைப்பிடி ஓரமாக ஓர் ஆளை நிறுத்துவார். அந்த ஆள் எப்போதும் அலீடாதான்.

வாரம் முழுக்க ஆஸ்பத்திரி சமையலறையில் நின்று வேலை செய்த பெண்மணி, சனிக்கிழமையும் வந்து அந்தக் குறுகலான படிகளை ஏறுவாள். பிளாஸ்க்கில் காப்பி, காகிதத்தில் சுற்றிய சீஸ் ரொட்டி, ஒரு கம்பளிச் சால்வை. மேலே போய் நின்றுகொண்டு, கீழேயிருந்து அவர் கையை ஆட்டும் பக்கமெல்லாம் நகர்வாள். புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் வேலையாகத் தன்னைத் தேடுவாள்.

"பாரு, மறுபடியும் என்னைக் குதிரையாக்கிட்ட."

"உன்னை யாரு பாக்கப் போறாங்க? தூணைத்தான் பாப்பாங்க."

"அதுவும் சரிதான். தூணுக்கு முட்டி வலிக்காது."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஒரே ஒருமுறை மட்டும் சிரிக்காமல் கேட்டாள். "எனக்கு மட்டும் ஒண்ணு நேராக்காம பிரிண்ட் போட்டுக் குடேன், ஓடில். நான் வெச்சுக்கறேன்."

"கோணல் படத்துக்குக் கீழ என் பேரு வராது, அலீடா."

"பேரு யாருக்கு வேணும்? படத்தைக் குடு."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்றே நினைத்துவிட்டார். அவள் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. கெட்டிக்காரர்களுக்கு இப்படித்தான், எது கண் முன்னால் இருக்கிறதோ அதுதான் தெரியாமல் போகும்.

அலீடா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு வந்து இறந்துபோனாள். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய வந்த ஆள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, "நினைவு அட்டைக்கு ஒரு படம் வேணும், நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகணும்" என்றான். போகும்போது சுவர் முழுக்க இருந்த தூண்களைப் பார்த்து, "உங்களுக்கா படத்துக்குக் கஷ்டம்" என்றும் சொன்னான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

அந்த ஊரில் நினைவு அட்டை இல்லாமல் யாரையும் அடக்கம் செய்ய மாட்டார்கள். பூசையில் காணிக்கைக்காக வரிசையில் போகும் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்பார்கள். முன்பக்கம் இறந்தவரின் படம், அதற்குக் கீழே பெயர், அதற்கும் கீழே இன்னாரின் கணவர், இன்னாரின் மனைவி என்று இருக்கும். யாரும் அதைத் தூக்கிப் போடமாட்டார்கள். ஜெபப் புத்தகத்துக்குள் செருகுவார்கள், பிஸ்கட் டப்பாவில் சேர்ப்பார்கள். எவ்வளவு காலம் கழித்து எடுத்துப் பார்த்தாலும், போனவருக்கு அதுதான் முகம். அலீடாவிடமும் அப்படி ஒரு டப்பா இருந்தது. மழை பெய்யும் நாட்களில் அதைத் திறந்து வைத்துக்கொள்வாள். அடையாள அட்டைப் படத்தைப் போட்டிருந்தால் அவளுக்கு மனசு ஆறாது. "பாவம், வீட்ல ஒருத்தர்கூட இவளைத் திரும்பிப் பாக்கலை போலிருக்கு" என்பாள்.

இப்போது ஓடில் அந்த டப்பாவை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அலீடாவின் தங்கை ஹோடலீவ். கல்யாணப் படம் இருந்தது, ஆனால் அந்த இளம்பெண்ணை இன்றைக்கு யாருக்கும் அடையாளம் தெரியாது. ஹோடலீவின் போனில் இருந்த படங்களில் ஒன்றில் அலீடா கையால் முகத்தை மறைத்திருந்தாள், இன்னொன்றில் வாய் நிறையக் கேக்.

"அடையாள அட்டையில இருக்கறதைக் குடுத்துடலாமா?" என்றாள் ஹோடலீவ்.

"கூடாது."

"அப்ப உன்கிட்ட இருக்கறதை எடு. வீடு முழுக்கப் படமா வெச்சிருக்க. அவ இல்லாத படம் ஏதாவது இருக்கா?"

அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒவ்வொரு கோயிலாகப் பெரிதாக்கினார். மாடத்தில் அலீடா இருந்தாள். எல்லாவற்றிலும் நெற்றி இழுபட்டு, முகவாய் நீண்டு, கண்கள் ஏதோ ஓர் இடத்தில். தூண்களோ குறை சொல்ல முடியாத அளவுக்கு நிமிர்ந்து நின்றன. முகத்தை மட்டும் அமுக்கிக் குறுக்கிப் பார்த்தார்.

"இது யாரு? நம்ம ஆஸ்டெண்ட் ஊர்ச் சித்தியா?" என்றாள் ஹோடலீவ்.

ஓடில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நான் அவளைப் படமே எடுக்கலை, ஹோடலீவ். அளவுகோலா நிறுத்தி வெச்சிருந்தேன்."

ஹோடலீவ் இல்லையென்று சொல்லவில்லை. "அது அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தா? முட்டி வலியோட?"

"நீ அவளை அண்ணாந்து பாக்கற ஒரே நேரம் அதுதானாம். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா."

அவர் அண்ணாந்து பார்த்தது தூண்களை. அவள் நிற்கிறாளா, சரியான இடத்தில் நிற்கிறாளா என்பதற்கு மேல் அவளைப் பார்த்ததில்லை. இதை இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மட்டும் யார் காதில் விழவேண்டுமோ அவள் காதில் விழுமா?

வெகுநேரம் கழித்துத்தான், நேராக்குவதற்கு முந்தைய படங்களும் பத்திரமாக இருப்பது அவர் நினைவுக்கு வந்தது. எடுத்தபடியே கிடக்கும் படங்கள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று தனியாக ஒதுக்கி வைத்தவை. அதில் ஒன்றைத் திறந்தார். இரண்டு பக்கமும் தூண்கள் தள்ளாடிச் சாய்ந்தன. நடுவே மாடத்தில், சால்வையைப் போர்த்திக்கொண்டு, கைப்பிடியில் முழங்கையை ஊன்றியபடி அலீடா. அவளேதான். உருண்டை முகம், மூக்கின் மேல் சரிந்த கண்ணாடி, சிரிக்கலாமா வேண்டாமா என்ற வாய். கோயிலை அவள் பார்க்கவே இல்லை. கீழே கேமராவுக்குப் பின்னால் இருந்தவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடில் அழுதார். ஹோடலீவ் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், அவர் வேண்டிய மட்டும் அழட்டும் என்று.

திரும்பி வந்ததும், "தூணை வெட்டிடு. முகம் மட்டும் போதும்" என்றாள்.

"வேணாம். அவ நின்ன இடம் அது."

"கோணலா இருக்கே, ஓடில். நாளைக்கு உன் தொழில் ஆளுங்க எல்லாம் வருவாங்க."

"வரட்டும்."

வெள்ளிக்கிழமை காலை கோயில் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரி சமையலறைப் பெண்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். காணிக்கை வரிசை மெதுவாக நகர்ந்தது. அட்டையை வாங்கிய ஒரு பெண் அங்கேயே நின்று, "ஐயோ, இப்படியேதான் நம்மளைப் பாப்பா" என்று பக்கத்திலிருந்தவளிடம் காட்டினாள். பின்னால் இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியேறும்போது கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஃபிர்மன் ஓடிலின் அருகில் வந்தார். படத்தில் இருந்த அந்த மாடத்தின் சாவியை அலீடாவுக்கு எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்தவர். கையில் அட்டை இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அச்சடிச்சவன் சொதப்பிட்டானா? தூணெல்லாம் சாயுது. இதை நீ எடுத்த மாதிரியே இல்லையே."

"நான் எடுத்ததுதான், ஃபிர்மன். கீழ என் பேரு இருக்கு பாரு."

ஃபிர்மன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'அலீடா மூர்மன். ஓடில் டெக்ராமரின் மனைவி.'