பார்க்காத கிணற்றுக்கு நான் எழுதிய நற்சான்று

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. மலாயாவில் கோலசிலாங்கூருக்கும் ஜெராமுக்கும் இடையே இருந்த ஒரு சுகாதார அலுவலகத்தில் நான் பயிற்சிக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெயர்தான் பெரிது, சம்பளம் கிடையாது. நிரந்தர இடம் ஒன்று காலியாகும்வரை, காலையில் மேசை துடைப்பது முதல் மாலையில் கடிதங்களைப் படியெடுப்பது வரை எல்லாம் நம் தலையில். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டுமென்று வீடே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காத்திருந்தது.

எங்கள் இன்ஸ்பெக்டரிடம் ஒரு வழக்கம். தோட்டத்து லயங்களைப் பார்வையிடப் போவதற்கு முதல் நாளே அறிக்கை தயாராகிவிடும். போன வருட அறிக்கையை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி நான் படியெடுக்க வேண்டும். போய் வந்ததும் அவர் கையெழுத்துப் போடுவார். லயங்கள் சுத்தம், கிணற்றுக்குச் சுவரும் மூடியும் உண்டு, நீர் நன்று. இதை எத்தனை தோட்டங்களுக்கு எழுதினேனோ, எனக்கே தெரியாது. ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று அவர் பாராட்டியபோது பூரித்துப் போனேன், வெட்கங்கெட்டவன்.

ஒரு நாள் என்னையும் ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அவர் துரை பங்களா வராந்தாவில் தேநீரோடு உட்கார்ந்துவிட, நான் லயத்துப் பக்கம் நடந்தேன். கிணறு இருந்தது. சுவரும் இல்லை, மூடியும் இல்லை. மேட்டில் இருந்த மாட்டுக் கொட்டகையின் கழிவு வழிந்து நேராக அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், என் தொப்பியையும் சப்பாத்தையும் பார்த்து ஒதுங்கி நின்றார். நான் தமிழில் பேசியதும்தான் அவருக்கு வாய் வந்தது.

"நம்ம லயத்துப் புள்ளையா நீங்க? இந்தத் தண்ணிய மூக்குக்கிட்ட கொண்டுபோக முடியலங்க. அதான் அந்தாண்ட ஓடையில மொண்டு குடிக்கிறோம். நீங்களாச்சும் பாத்தத பாத்தபடி எழுதுங்க சாமி."

"எழுதுறேன்க்கா" என்றேன். அந்த நேரம் என் பைக்குள் 'நீர் நன்று' மடித்துக் கிடந்தது.

திரும்பும் வழியில் இன்ஸ்பெக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபிக்கக்கூட இல்லை, சிரித்தார்.

"தம்பி, அடுத்த மாதம் ஒரு இடம் காலியாகுது. உமக்கு அந்த வேலை வேணுமோ, இல்லாட்டி அந்தக் கிணறு வேணுமோ?"

பைக்குள் இருந்த அறிக்கையை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைக் கோப்பில் சேர்த்தவனும் நான்தான்.

சில வாரங்களில் அந்த லயத்தில் சீதபேதி பரவியது. சிலர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. விசாரிக்க வந்த அரசாங்க டாக்டரிடம் இன்ஸ்பெக்டர் என் அறிக்கையை நீட்டினார். கிணறு நல்ல கிணறு, இந்தச் சனங்கள்தான் அதை விட்டுவிட்டு ஓடைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், எத்தனை சொன்னாலும் இவர்களுக்குச் சுத்தம் தெரியாது என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவர்கள் தலையிலேயே பழியைப் போடுகிறார். அதற்குச் சாட்சி என் எழுத்து!

டாக்டர் காகிதத்தை நம்பினார். என் பக்கம் திரும்பி, தோட்டத்துக்கு ஓர் உத்தரவு எழுதச் சொன்னார். இனி யாரும் ஓடைப் பக்கம் போகக்கூடாது, எல்லோரும் கிணற்று நீரை மட்டுமே குடிக்க வேண்டும்.

பேனாவை மையில் தோய்த்தேன். அந்தப் பெண் மூக்கருகே கொண்டுபோக முடியாத தண்ணீரை இனி அவர் குடித்தே ஆக வேண்டும் என்று நானே எழுத வேண்டுமா? எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பார்ப்பதற்கு முதல் நாளே எழுதியது, கிணற்றுக்குச் சுவரே இல்லை, நான் கண்ணால் கண்டேன். இன்ஸ்பெக்டர் என்னை முறைத்த முறைப்பு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

டாக்டர் அன்றே தோட்டத்துக்குப் போனார். கிணற்றை மண் போட்டு மூடச் செய்தார். காய்ச்சிய தண்ணீர் கொடுக்க ஏற்பாடானது. அந்தக் கைக்குழந்தை பிழைத்ததா என்று கேட்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பையன் சரியாகப் பார்த்திருப்பான் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். மேலே இருந்தவர்களும் தலையாட்டினார்கள். என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதியவன் என்று என் விலக்கல் கடிதத்தில் ஒரே வரியில் காரணம் இருந்தது. கையெழுத்துப் போட்டவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த அநியாயத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் அந்த ஒரு வரி பொய் என்று மட்டும் இன்றுவரை யாரிடமும் என்னால் வாதாட முடிந்ததில்லை.