மழையைக் குடிக்கும் கல்

தட்டாஞ்சாவடியில் சிமெண்ட் கல் பட்டறை, உப்பளம் பகுதியில் மாடி வீடு, சொந்த லாரி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், சொந்தக்காரர்கள் கைகொட்டிச் சிரிக்கச் சிரிக்கச் சம்பாதித்தவை. எல்லாவற்றையும் விடப் பெரியது, மழைநீரைத் தரைக்குள் இறக்கும் என் நடைபாதைக் கல்.

இனிப் போடும் நடைபாதையெல்லாம் மழைநீரை நிலத்துக்குள் விட வேண்டும் என்று விதி கொண்டுவர, நகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்டது. ஆயுத பூசையில் வைத்த சந்தனம், குங்குமத்தோடு என் கல்லைக் கூட்டத்துக்குத் தூக்கிப்போனேன்.

"கல்லுக்குப் பொட்டெல்லாம் பலமா இருக்கே பெரியவரே, வரம் குடுக்குமா?" என்றார் நகராட்சிப் பொறியாளர்.

"இப்பப் பாருங்க சார்" என்று அவர் மேசையில் வைத்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். கல்லின் மேல் ஒரு சொட்டு நிற்கவில்லை. மொத்தமும் அடியில் இறங்கி, மேசையில் ஓடி, அவர் மடியில் கொட்டியது.

"போதும்யா, குடுத்துடுச்சு!" என்று அவரே சிரித்துவிட்டார். கூட்டமே குலுங்கியது. விதியும் வந்தது.

இப்போது எங்கள் தெரு முழுக்க என் கல்தான். மழை வந்தால் குடைகூட எடுக்காமல் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். தண்ணீர் தேங்காத தெருவில் எனக்குக் கால் தரையில் பாவுவதில்லை. ஆனால் திறப்பு விழாப் பலகையில் பொறியாளர் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. அவர் நனைந்தார், ஒப்புக்கொள்கிறேன். கல்லை வார்த்தவன் நான். என் பெயரையும் போடுங்கள், அவர் பெயருக்கு மேலே.