வலது பின்சக்கரத்துப் பேரிங்

சத்தத்தை முதலில் கேட்டவர் அவர்தான். முன் இருக்கையில் சாய்ந்திருந்தார். மனைவி ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் சக்கர நாற்காலியோடு வார்போட்டு இறுக்கிய நிலையில் மகள் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். வண்டி வேகம் பிடித்ததும், டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி வலது பின்சக்கரத்திலிருந்து ஒரு முனகல். வேகம் கூடக் கூட அதுவும் கூடியது.

பேரிங் போய்விட்டது, நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"மழை," என்றார்.

மனைவி குனிந்து வானத்தைப் பார்த்தாள். "எங்கங்க மழை? வெயில் மண்டையப் பொளக்குது."

பக்கவாதம் வந்ததிலிருந்து இதே கதைதான். வலது கையும் காலும் பாதி போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். சொல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. மனசுக்குள் எல்லாம் பளிச்சென்று இருக்கும். வாய்க்கு வரும்போது வேறு எதுவோ வந்து விழும். கடப்பாரை என்று நினைத்தால் தலகாணி. வேண்டாம் என்று நினைத்தால் "சரி". அந்தச் "சரி"தான் அவருக்குப் பெரிய சத்துரு.

இத்தனைக்கும் முப்பது வருஷம் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். வாய்ச்சாலக்காரர். இரும்பு கடைசலாகிற நேரம் முழுக்க ஊர் வம்பு பேசியே வாடிக்கையாளரை உட்கார வைத்துவிடுவார். மகளுக்குப் பிறவியிலேயே நடை இல்லை. அவள் வளர வளர நாற்காலியும் கனத்தது, எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. அப்போதுதான் ஒரு பழைய காரை வாங்கி, பின்தளத்தை அறுத்துத் தாழ்த்தி, நாற்காலி நேரே உருண்டு ஏறச் சரிவுப் பலகை வைத்தார். தளம் தாழ்ந்ததால் காரின் பின் ஆக்ஸில் இடித்தது. சரக்கு வேன் ஒன்றின் ஆக்ஸிலைக் கொண்டுவந்து மாட்டினார். ஆனால் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் காருடையது. அதற்குள் உட்காரும் பேரிங்குக்கு வேன் ஆக்ஸிலின் முனை மெலிசாக இருந்தது. ஒரு மெல்லிய எஃகு வளையம் கடைந்து, ஆக்ஸில் முனைமேல் இறுக்கி ஏற்றினார். பட்டறையில் அதற்குப் பெயர் புஷ். தோல்மேல் தோல் மாதிரி, ஒட்டுத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் வருமென்று யார் கண்டது?

மகளுக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. "தினமும் நூறு பேரு என்னைத் திட்டுறாங்கப்பா, எவ்வளவு மரியாதையான உத்தியோகம் பாருங்க," என்று சிரிப்பாள். வேலைக்காக எத்தனை அலுவலகப் படிகளுக்குக் கீழே அவள் காத்துக் கிடந்தாள் என்பது அவருக்குத் தெரியும்.

ஒன்றிரண்டு நாளில் முனகல் எல்லோர் காதிலும் விழுந்தது. மெக்கானிக் ஒருவன் வீட்டு வாசலுக்கே வந்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். பேரிங்கின் கூடு நொறுங்கியிருந்தது. உருளைகள் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தன. எண் பொறித்திருந்த இடம் தேய்ந்து மழமழவென்று இருந்தது.

"நம்பர் இல்லாட்டி என்ன, அளந்துட்டாப் போச்சு," என்று வெர்னியர் அளவுகோலை ஆக்ஸில் முனையில் வைத்தான். "முப்பத்தஞ்சு மில்லி. ஹப்பு எழுபத்திரண்டு. சுலபமாக் கிடைக்கும்க்கா."

அவருக்குப் பகீரென்றது. அவன் அளந்தது ஆக்ஸிலை அல்ல, புஷ்ஷை. அதுவும் தேய்ந்துபோன புஷ்ஷை. அதன்மேல் எந்தப் பேரிங்கைப் போட்டாலும் பிடிக்காது, வழுக்கிச் சுற்றும். புஷ்ஷையே எடுத்துவிட்டு முப்பது உள்விட்டத்தில் ஒரு பேரிங் போட வேண்டும். வெளியே அதே எழுபத்திரண்டு, தடிமன் மட்டும் ஒரு சுற்று கூட. அப்படி ஒன்று உண்டு. அவரே எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

மெக்கானிக் கடைக்குப் போய் முப்பத்தைந்தையே வாங்கி வந்தான். புதுப் பேரிங் முனைமேல் கையாலேயே ஏறியது. "வெண்ணெய் மாதிரி ஏறுது!" பிறகு அவனுக்கே சந்தேகம் வந்து அசைத்துப் பார்த்தான். "கொஞ்சம் லூசுதான். புள்ளி குத்தி மேடாக்கிட்டா பிடிச்சுக்கும்." உளியை வைத்து முனைமேல் குத்துக் குத்தாகக் குத்தினான்.

ஒவ்வொரு அடியும் அவர் நெஞ்சில் விழுந்தது. இடது கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"என்னண்ணே? போட்டுடலாம்தானே?"

"சரி," என்றது வாய். "சரி, சரி, சரி!"

"அண்ணனே சரின்னுட்டாரு."

மனைவி தயங்கினாள். "அவரு சரின்னா ஆமான்னும் இருக்கும், இல்லன்னும் இருக்கும்ப்பா." ஆனால் காலையில் மகள் வேலைக்குப் போயாக வேண்டும். சக்கரம் மாட்டப்பட்டது. அவர் இடது கையால் வீட்டுச் சுவரை அடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வண்டி மேம்பாலத்தின் நடுவில் நின்றது. முதலில் கருகிய கிரீஸ் நாற்றம், அப்புறம் புகை, அப்புறம் ஒரு கிறீச்சிடல். சக்கரம் இறுகிவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் கத்தின. சரிவுப் பலகையை இறக்க இடமில்லை. வெயில் உச்சிக்கு ஏற ஏற, தகரப் பெட்டிக்குள் வாரோடு கட்டுண்டு உட்கார்ந்திருந்தாள் மகள். நாற்காலியோடு அவளை வெளியே எடுக்க வழியில்லை, நாற்காலியை விட்டுத் தூக்கினால் அவள் முதுகு தாங்காது. மனைவி சேலைத் தலைப்பை நனைத்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதாள். இழுவை வண்டி வருவதற்குள் மகளுக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அவரால் தனியே இறங்கிப் பின்கதவைக்கூடத் திறக்க முடியவில்லை.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து பேசினார்கள். தொடர்ந்து வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றார்கள், மரியாதையாகத்தான்.

மெக்கானிக் கையை விரித்தான். "ஆக்ஸிலே போச்சுக்கா. இந்த வண்டிக்கு எதுலேருந்து எத எடுத்து மாட்டியிருக்காருன்னு அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

மனைவி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, அதுதான் அவரை வதைத்தது. இடது கையில் பென்சிலைப் பிடித்து எழுதிப் பார்த்தார். கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. முப்பது என்ற எண்கூட வாய்க்கும் வரவில்லை, கைக்கும் வரவில்லை. பென்சிலை எறிந்துவிட்டு, கழற்றிப் போட்ட சக்கரத்தின்மேல் தலையை முட்டிக்கொண்டார். ஒரு தரம், மறு தரம். மனைவி ஓடிவந்து பிடித்தாள்.

"அம்மா, விடு," என்றாள் மகள். வெயில் பட்ட களைப்பில் திண்ணையில் படுத்தபடிதான் பேசினாள். "அப்பா என்னவோ அளவு சொல்ல வர்றாரு. கைப்பயிற்சி செய்யும்போது பாத்திருக்கியா? எண்ண ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டுன்னு வரிசையா ஓடுவாரு, நிறுத்தத்தான் தெரியாது. நான் எண்ணுறேன். அப்பா, உங்க நம்பர் வந்ததும் அடிங்க. வாயத் திறக்காதீங்க, அது உங்க பேச்சக் கேக்காது."

எண்ணினாள். இருபதைத் தாண்டியதும் அவர் இடது கையை ஓங்கினார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

சக்கரத்தின்மேல் ஓங்கி அடித்தார். விரல் முட்டியில் ரத்தம் வந்தது.

"முப்பதா? நான் அளந்தது முப்பத்தஞ்சாச்சே," என்றான் மெக்கானிக். மறுபடி எண்ணச் சொன்னான். மறுபடியும் முப்பதில் அடி. இந்தத் தடவை அவர் தரையில் பிட்டத்தால் நகர்ந்துபோய் ஆக்ஸில் முனையை நகத்தால் சுரண்டினார், வெங்காயத்தை உரிப்பது போல.

மெக்கானிக் விளக்கைக் கிட்டே பிடித்தான். கரியைத் துடைத்ததும் மயிரிழை போல ஒரு வட்டக் கோடு தெரிந்தது. உளியை வைத்துப் பிளந்தான். வளையம் இரண்டாக விழுந்தது. உள்ளே, ஒரு கீறல் இல்லாமல், வேன் ஆக்ஸில்.

"அடப்பாவி மனுஷா," என்று அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

முப்பது உள்விட்டப் பேரிங் பக்கத்துக் கடைகளில் இல்லை. ஊரின் மறுகோடியில் டிராக்டர் உதிரிபாகக் கடையில்தான் இருந்தது. தடிமன் கூட என்பதால் ஒரு வாஷரைத் தேய்த்து மெலிசாக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. பேரிங்கைத் தட்டி இறக்கும்போது மெக்கானிக் அவர் முகத்தையே பார்த்துப் பார்த்து அடித்தான். முகம் சுளித்தால் நிறுத்தினான்.

அலுவலகத்துக்குப் போனார்கள். மகள் உள்ளே போய்ச் சீக்கிரமே திரும்பினாள்.

"வேற ஆளப் போட்டுட்டாங்க. இன்னொரு இடம் வந்தா கூப்பிடுறாங்களாம்."

திரும்பும் வழியில் சக்கரம் ஒரு சத்தமும் போடவில்லை. அவ்வளவு நல்ல ஓட்டத்தை அவர் எந்த வண்டியிலும் கேட்டதில்லை. பின்னால் திரும்பி மகளிடம் ஏதோ சொல்லப் பார்த்தார். "தலகாணி," என்று வந்தது. கண்ணீர் தாடையில் வழிந்தது.

"அழாதீங்கப்பா," என்றாள் அவள். "இடது சக்கரத்துலயும் அதே புஷ்தான இருக்கும்? ஞாயித்துக்கிழமை அதையும் பிரிச்சுடலாம். நான் எண்ணுறேன்."

அலுவலகத்திலிருந்து அழைப்பு வர மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. வந்தபோது வண்டி தயாராக இருந்தது. அவருக்குப் பேச்சு மட்டும் கடைசிவரை திரும்பவில்லை.