எதிர்க்கடை பாக்ஸும் அப்பாவின் கொத்துக் கல்லும்

'டக்குட டக்குட டக்' என்று காய்ந்த இரும்புக் கல்லில் இரண்டு தட்டைக் கரண்டிகள் மாறி மாறி விழும் சத்தத்தில்தான் என் பள்ளிப் பருவத்துச் சாயங்காலங்கள் தொடங்கின. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் முனையில் அப்பா கொத்து பரோட்டா வண்டி போட்டிருந்தார். அம்மா பக்கத்தில் வெங்காயம் நறுக்குவாள். நான் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, வீட்டுப்பாடம் என்ற பெயரில் வேடிக்கை பார்ப்பேன். வண்டிக்குப் பெயர்ப்பலகை கிடையாது, கூவி விற்க அப்பாவுக்குக் கூச்சம். ரயிலை விட்டு மேம்பாலப் படியில் இறங்குகிறவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்புவார்கள், அதில் பாதிப் பேர் முடிச்சூர் ஷேர் ஆட்டோவை மறந்துவிட்டு எங்களிடம் வந்து நிற்பார்கள். "வாய் இன்னாத்துக்கு? கல்லு கூப்புடும்" என்பது அப்பாவின் வேதவாக்கு.

அந்தக் கல்லின் வாயை அடைக்கவென்றே எதிரில் ஒரு செல்போன் கடை வந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் "பாக்ஸ்" வைத்து, தள்ளுபடி, குலுக்கல் என்று பதிவு செய்த குரலையும் நடுநடுவே குத்துப்பாட்டையும் மதியத்திலிருந்தே அலறவிட்டார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன், ரயில், தலைக்கு மேலே விமானம் என்று எதற்கும் அசராத காதுகள் எங்களுடையவை. இதுவோ நெஞ்சுக்குள்ளேயே இறங்கி இடித்தது. படியிறங்கிய கூட்டம் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தது.

அப்பா விட்டுக்கொடுக்கிற ஆளா? பாக்ஸுக்குப் போட்டியாக ஓங்கி ஓங்கிக் கொத்தினார். பதம் வந்த பிறகும் சத்தத்துக்காகவே கொத்திக்கொண்டிருந்தார். பரோட்டா பொடிந்து, குழைந்து, ஆறிப்போன ரவா உப்புமாவைப் போலத் தட்டில் உட்கார்ந்தது. நெடுநாள் வாடிக்கையாளரான பள்ளி வாத்தியார் ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னப்பா இது, குழந்தைக்கு ஊட்டுறதா?" என்று கேட்டார். "கோவத்த அவன் மேல காட்டு, பரோட்டா இன்னா பண்ணுச்சு பாவம்" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். நான் சிரித்தேன். ஆனால் வாத்தியார் அதற்குப் பிறகு வரவில்லை, அவரைப் போல இன்னும் பலர் வரவில்லை; மீந்த பரோட்டாவே எங்கள் வீட்டுச் சாப்பாடாகிவிட்டது. "இப்டியே போச்சுனா வண்டிய வித்துட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போய்டுவேன்" என்று ஒருநாள் அப்பா சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வண்டி இல்லாத அப்பாவை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மறுநாள் கரண்டியும் கையுமாகவே அவர் எதிர்க்கடைக்குச் சண்டைக்குக் கிளம்ப, நானும் பின்னால் ஓடினேன். உள்ளே, அங்கு வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா, இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு, கட்டிப்போன தொண்டையால் ஒரு பெரியவருக்கு போன் விலையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்ததுமே, "சத்தத்துக்குத்தான வந்த அண்ணா? எங்களுக்கே மண்டை இடிக்குது. கொறச்சா மொதலாளி திட்றாரு" என்றார். அப்பாவின் கோபம் வந்த வழியே போய்விட்டது. கரண்டியைக் கீழே இறக்கிக்கொண்டு, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். அக்கா இல்லையென்று தலையாட்டினார். திரும்பி வந்த அப்பா, பல நாளுக்குப் பிறகு அளவாகக் கொத்தி, முதல் தட்டை அவருக்குக் கொடுத்தனுப்பினார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் உண்டானது. சாயங்காலம் முதலாளி குரோம்பேட்டையில் இருந்த தன் இன்னொரு கடைக்குக் கிளம்பியதும், ஸ்டெல்லா அக்கா பாக்ஸை நிறுத்திவிட்டு எங்கள் வண்டிக்குச் சாப்பிட வருவார். ஆபீஸ் விட்ட கூட்டம் ரயிலிலிருந்து இறங்குவதும் அதே நேரம்தான். அந்த இடைவெளியில் அப்பா கொத்துகிற அழகைப் பார்க்க வேண்டுமே! பக்கத்துச் சுண்டல்கார அக்காவும் அப்போதுதான் தொண்டையைத் திறப்பார். முதலாளியின் ஸ்கூட்டர் தூரத்தில் தெரிந்தால் "வண்டி வந்துகினு கீது" என்று அவரே குரல் கொடுப்பார், ஸ்டெல்லா அக்கா கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார். வாத்தியார் திரும்பி வந்தார். அந்த ஒரு பொழுது வியாபாரத்தில் எங்கள் வீடு நிமிர்ந்தது, வாட்ச்மேன் பேச்சை அப்பா மறுபடி எடுக்கவே இல்லை.

செல்போன் கடை போய் வெகுகாலமாகிறது. ஸ்டெல்லா அக்கா கல்யாணமாகி வண்டலூர்ப் பக்கம் போய்விட்டார். அப்பாவும் அம்மாவும் மட்டும் அதே முனையில் இருக்கிறார்கள். போன வாரம் நான் இப்போது குடியிருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கிளம்பிப் போய் அவர்களோடு நின்றேன். தடுக்க எதிரில் எதுவும் இல்லாததால், கொத்துச் சத்தம் மேம்பாலப் படி வரைக்கும் தெளிவாகப் போகிறது, ஆனால் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. "அன்னிக்கு ஊருக்கே ரெண்டு பாக்ஸு. இன்னிக்கு ஆளுக்கு ரெண்டு, காதுக்குள்ளயே மாட்டிகினு போறானுங்கோ" என்று அப்பா சிரித்தார். எனக்கு என்னவோ வருத்தமாகத்தான் இருந்தது. சத்தம் கேட்டுச் சட்டென்று திரும்பும் அந்த முகங்கள் இனி வரப்போவதில்லை.

அம்மாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "மூக்குல ஒண்ணும் மாட்டலியே" என்றபடி ஒரு கரண்டி சால்னாவை அள்ளிக் கல்லின் மேல் ஊற்றினாள். படியில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள், ஒரு காதிலிருந்ததைக் கழற்றிக்கொண்டே எங்களைப் பார்த்து நடந்து வந்தாள்.